கட்டடப் பணியில் காயமுற்றோரும் சட்டம் தரும் காப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் விபத்தையும் வழக்கையும் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கல்வி என்பது தேர்வில் வெல்வதற்கு மட்டும் உரியதன்று. தனக்கு உரிமையானது எது என்பதை அறிந்து, அதைக் கேட்டுப் பெறுவதற்கும் உரியது. குற்றாலத்திலும் தென்காசியிலும் எழும்பி நிற்கும் விடுதிகளைக் கட்டிய கைகளில் நம் மக்களின் கைகளும் உண்டு. புளியரையைத் தாண்டிக் கேரளத்துக்குக் கொத்து வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் செல்வோரும் நம்மிடையே உள்ளனர். கலவை இயந்திரத்தில் கை சிக்குதல், பளு தூக்கியின் கம்பிவடம் அறுதல், சாரம் சரிதல், மண் அள்ளும் இயந்திரத்தில் அடிபடுதல் ஆகிய இவை அவர்களுடைய வாழ்வை ஒரு நொடியில் மாற்றிவிடுகின்றன.

அந்நேரத்தில் நடப்பது என்ன? மருத்துவச் செலவுக்கென்று ஒரு சிறு தொகையைக் கொடுத்து, வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்கள். அதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொள்கிறோம். அது விதியன்று, அறியாமையின் விலை.

வேலையின்போது, வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளியே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தால் இந்நாட்டில் வேரூன்றியது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்று நடத்தியவர் என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது. உழைப்பவனின் உடலுக்குச் சட்டத்தில் மதிப்புத் தேடுவது நம் மரபு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அடிப்படை நெறிகள் தொடர்கின்றன.

முதல் நெறி: முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வேலையில் விபத்து நேர்ந்தது என்பதே போதும். "அவன் குடித்திருந்தான், சொன்னதைக் கேட்கவில்லை" என்பார்கள். மரணமோ முழுமையான நிரந்தர ஊனமோ நேர்ந்தால், அந்த வாதம் செல்லாது.

இரண்டாவது நெறி: இழப்பை அளப்பது உறுப்பைக் கொண்டு மட்டும் அன்று; உழைக்கும் திறனைக் கொண்டும் ஆகும். 1968இல் ஒரிசாவில் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து இடக்கையை இழந்தார். ஒரு கை இருக்கிறதே என்று முதலாளி தரப்பு வாதிட்டது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. எனவே இது முழு ஊனமே என்று விசாரணை அதிகாரி தீர்மானித்தார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இழப்பீடு விபத்து நாளிலிருந்தே கடனாகிறது என்றும் கூறியது. கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் இத்தீர்ப்பு ஓர் ஊன்றுகோல்.

தொகை எவ்வளவு? மரணமானால் மாதக் கூலியில் பாதியையும், முழு நிரந்தர ஊனமானால் நூற்றுக்கு அறுபதையும், வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்குரிய எண் 207.98. மாதக் கூலி ரூ.15,000 எனக் கணக்கிட்டால், மரணத்துக்கு ரூ.15,59,850 ஆகிறது. வெற்றுத் தாளுக்குக் கிடைக்கும் தொகையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. மரண இழப்பீட்டை உரிய அதிகாரியிடமே செலுத்த வேண்டும்.

கட்டுமானத்தையே தொழிலாகக் கொண்ட நிறுவனம், வேலையை மேஸ்திரியிடம் உள்குத்தகைக்கு விட்டுவிட்டுத் தப்ப முடியாது. விபத்து கேரளத்தில் நேர்ந்தாலும், தொழிலாளி வழக்கமாகக் குடியிருக்கும் பகுதியின் அதிகாரியிடமே மனுச் செய்யலாம். இரண்டாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதே பொது விதி.

வேறு வழிகளும் உள்ளன. ஈ.எஸ்.ஐ. காப்பு உள்ளவர் அதன்வழியே பயன் பெற வேண்டும். இரண்டையும் கேட்க இயலாது. டிப்பர் லாரி போன்ற மோட்டார் வாகனத்தால் அடிபட்டால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தை நாடலாம். அங்குத் தொகை கூடுதலாகலாம். ஆனால் ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், வழக்கறிஞரைக் கலந்தே முடிவு செய்க. அங்கு மனுவுக்கு ஆறு மாதக் கெடு விதிக்கப்பட்டிருப்பதால் தாமதம் கூடாது. கவனக்குறைவு பற்றிய போலீஸ் வழக்கு தனி; அது நடக்கிறது என்பதற்காக இழப்பீட்டு மனுவை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

நம் மாநிலத்தில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. அதில் பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வாரியத்தின் உதவி முதலாளி தரும் இழப்பீட்டுக்கு மாற்று அன்று.

விபத்து நேர்ந்தவுடன் செய்ய வேண்டியவை சில. மருத்துவமனையில் வேலையிடத்தில் அடிபட்டதாகவே பதியச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகலைப் பெறுங்கள். போலீசில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். இயந்திரத்தையும் இடத்தையும் படம் எடுங்கள். உடன் வேலை செய்தவர்களின் பெயர்களைக் குறித்து வையுங்கள். கூலி பெற்றதற்கான எந்தச் சான்றையும் எறிந்துவிடாதீர்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் ஏது என்பீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகினால் வழக்கறிஞரை நியமிப்பார்கள். இது சலுகையன்று, உரிமை.

இளைஞர்களே! ஊருக்கு இருவர் இச்செய்திகளைக் கற்றுத் தேர்ந்து, அடிபட்டவர் வீட்டுக்கு அன்றே செல்லுங்கள். கையொப்பம் இடுவதற்கு முன் தாளைப் படித்துக் காட்டுங்கள். சங்கம் தந்த எழுத்தறிவுக்கு அதைவிடச் சிறந்த கைம்மாறு இல்லை.