ஊராட்சித் தேர்தலும் தோட்டத் தொழிலாளரும்

(செனாயில் தொழிலாளர், கிராணிமார் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் விளக்கமாகச் சொல்லி முடித்துவிட்டார். எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் வேறு. சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, தண்ணீர்க் குழாய். இதற்கு ஒரு கூட்டமா என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது காதில் விழுகிறது. சிரிக்கட்டும். மழைக்காலத்தில் வாசலில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றபோது சிரித்தவர் எவரும் இங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

என் தகப்பனார் பால் மரம் சீவியவர். தாயாரும் அப்படியே. நான் கிராணி உத்தியோகத்துக்கு வந்தேன். நாங்கள் இருந்த லயத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டால் என்ன செய்வோம்? காலையில் பெரட்டில் மண்டோரிடம் சொல்வோம். மண்டோர் கண்டக்டரிடம் சொல்வார். கண்டக்டர் நல்ல மனநிலையில் இருந்தால் மானேஜரிடம் சொல்வார். ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து இரண்டு ஆள் மண்வெட்டியோடு வருவார்கள். ஆக, தோட்டத்துக்கு மேயர் யார் என்றால் மானேஜர்தான். நகரசபையும் அவர்தான், சுகாதார அதிகாரியும் அவர்தான். அவரை நாம் தேர்ந்தெடுக்கவுமில்லை, மாற்றவும் முடியாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பங்களா எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருந்தது. சங்கம் இருந்தது. கமிட்டித் தலைவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்க முடிந்தது.

தோட்டம் கைமாறிய பிறகு நாங்கள் ஒரு தாமானுக்குக் குடிபோனோம். இது செனாயில் அல்ல. ஊர்ப் பெயர் வேண்டாம். மலிவு விலை வீடு. பின்புறச் சாக்கடை ஆறு மாதம் அடைந்து கிடந்தது. கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். நான் ஆங்கிலத்திலும் மலாயிலும் கடிதம் எழுதியே சோறு தின்றவன். எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். மறுபடி போனேன், வேறு ஒருவர் இருந்தார். "உங்கள் வட்டாரத்துக்குக் கவுன்சிலர் யார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியிருந்தால் தெரிந்திருக்கும். யாரோ அனுப்பிய ஒருவரை எங்களுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குத்தான் இந்தக் கேள்வி என் மனத்தில் விழுந்தது. இந்த நாட்டில் ஊராட்சிக்குத் தேர்தலே நடந்ததில்லையா?

நடந்தது, தோழர்களே. நம் நாட்டில் வாக்குப் பெட்டி முதன்முதலில் வந்ததே அந்த வழியாகத்தான். 1955-இல் கூட்டரசுச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்ததை எல்லாரும் அறிவார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1951 டிசம்பர் 1-ஆம் தேதி, பினாங்கு ஜார்ஜ் டவுனில் நகரசபைத் தேர்தல் நடந்தது. பதினைந்து பேர் கொண்ட சபையில் 9 பேரை ஜனங்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். அங்கே 12 இடங்கள். அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து நின்று 9 இடங்களைப் பிடித்தன. நம் ஜோகூர்க்காரரான டத்தோ ஓன் தலைமையில் நின்ற மலாயா சுதந்திரக் கட்சிக்கு 2 இடங்களே கிடைத்தன. அந்தக் கூட்டுத்தான் பிறகு நாடு முழுவதும் வளர்ந்து சுதந்திரம் வரை போனது. ஒரு நகரசபைத் தேர்தலில் போட்ட விதை அது. அதே ஆண்டு டிசம்பரில் ஜோகூர் பாருவிலும் தேர்தல் வந்தது.

1957 ஜனவரி 1-ஆம் தேதி ஜார்ஜ் டவுன் மாநகர் அந்தஸ்து பெற்றது. மலாயாக் கூட்டரசில் அதுவே முதல் மாநகர். அதன் முதல் மேயர் யார் தெரியுமா? தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன், ஒரு தமிழர். தமிழருடைய ஓட்டு மட்டும் அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருக்க முடியுமா? முடியாது. சீனர் பெருவாரியாக இருந்த நகரம் அது. ஈப்போவிலோ சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி நகரசபையைக் கைப்பற்றி நடத்தியது. அங்கேயும் கதை அதுதான். இன்றைக்குச் சிலர், ஊராட்சித் தேர்தல் வைத்தால் இனச் சண்டை வந்துவிடும் என்று சொல்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு இந்த இரண்டு ஊர்களையும் நினைவூட்ட வேண்டும்.

நிற்க. நம் பக்கத்துக்கு வருவோம். அவசரகால நாளில், 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டப்படி, காட்டோரத்தில் சிதறிக் கிடந்த குடியானவர்களையெல்லாம் முள்வேலிக்குள் கொண்டுவந்து புதுக்கிராமங்கள் அமைத்தார்கள். செனாயிலும் கூலாயிலும் இருக்கும் புதுக்கிராமங்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். 1952-இல் அப்படிப்பட்ட ஊர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஊரார் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த மன்றம், அந்த மன்றத்துக்கு வரி வாங்கவும் செலவு செய்யவும் அதிகாரம். நாட்டில் அத்தகைய சின்ன மன்றங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின.

அதே காலத்தில் தோட்டத்து லயங்களையும் முள்வேலிக்குள்தான் கூட்டினார்கள். வயதானவர்கள் சொல்வார்கள்: வேலைக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக விடாமல் சோதித்த நாட்கள் அவை. இரண்டு பக்கமும் வேலி ஒன்றுதான். புதுக்கிராமத்து வேலிக்குள் பல இடங்களில் வாக்குப் பெட்டி வந்தது. தோட்டத்து வேலிக்குள் வரவில்லை. ஏன்? தோட்டம் கம்பெனியின் சொந்த நிலம். அங்கே இருப்பவன் குடிமகன் அல்ல, கம்பெனியின் ஆள். அவனுக்குத் தண்ணீரும் வீடும் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று எழுதி, கோப்பை மூடிவிட்டார்கள். 1966-இல் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் வந்தபோதும், 1990-இல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்தபோதும் பொறுப்பு முதலாளி தலையிலேயே வைக்கப்பட்டது. முதலாளி செய்யாவிட்டால் தொழில் இலாகாவில் முறையிடலாம். ஓட்டுப் போட்டு மாற்றலாம் என்ற வழி நமக்கு ஒருநாளும் திறக்கப்படவில்லை. மற்றவர்கள் ஊராட்சித் தேர்தலை இழந்தார்கள். நாமோ அதைக் கண்ணால் கண்டதே இல்லை.

மற்றவர்கள் எப்படி இழந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் 1961-லேயே தேர்ந்தெடுத்த சபையை எடுத்துவிட்டு ஓர் ஆணையரை வைத்தார்கள். இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரத்தில், 1965 மார்ச் 1-ஆம் தேதி, நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. சமாதானம் வந்ததும் மறுபடி நடக்கும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சபையில் உறுதி சொன்னார். 1966-இல் சமாதானம் வந்தது. தேர்தல் வரவில்லை.

இடையில் ஓர் அரச விசாரணைக் குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் சேவை செய்த ஜானகி அம்மையாரின் கணவர் என்று சொன்னால் தாய்மார்களுக்கு உடனே புரியும். முன்னாள் மேயர் இராமநாதனும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். 370-க்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்களின் நிலைமையை ஆராய்ந்து, 1968 கடைசியில் அறிக்கையை ஒப்படைத்தார்கள். மன்றங்களில் ஊழலும் ஒழுங்கீனமும் இருந்ததை அவர்கள் மறைக்கவில்லை. இருந்தபோதிலும் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரை செய்தார்கள். கணக்கில் தவறு செய்த கிராணியை மாற்றலாம்; அதற்காகக் கணக்குப் புத்தகத்தையே எரிப்பார்களா? ஆனால் மறு ஆண்டு மே மாதம் நாட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பிறகு அந்த அறிக்கையை யார் தேடப் போகிறார்கள்? 1976-இல் ஊராட்சிச் சட்டம் வந்து, தேர்தல் என்ற பேச்சையே அகற்றிவிட்டது.

அந்தச் சட்டத்தைக் கிராணிமார் ஒருமுறை வாசிக்க வேண்டும். 10-ஆம் பிரிவு: ஒவ்வொரு மன்றத்துக்கும் தலைவரைத் தவிர 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் கவுன்சிலர்கள். நியமிப்பது மாநில அரசாங்கம். ஒரு நியமனம் மூன்று ஆண்டுக்கு மேற்படக்கூடாது. அவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். எப்படிப்பட்டவராக? ஊராட்சி விவகாரத்தில் அனுபவம் உள்ளவர், அல்லது உயர்தொழிலிலோ வாணிபத்திலோ கைத்தொழிலிலோ பேர் பெற்றவர். இதுவரை வாசித்தால் நமக்கு இடமில்லை. வாக்கியம் அங்கே முடியவில்லை, தோழர்களே. அல்லது தங்கள் சமூகத்தின் நலனை எடுத்துச் சொல்லத் தகுதியுடையவர் என்றும் இருக்கிறது. முப்பது வருஷம் மரம் சீவி, தோட்டக் கமிட்டியை நடத்தி, நிர்வாகத்தோடு மேசைக்கு மேசை உட்கார்ந்து பேசிய நம் தலைவருக்கு அந்தத் தகுதி இல்லையா? இருக்கிறது. ஆனால் பெயரைக் கொடுப்பது கட்சிகள். கட்சிக்காரர் கண்ணில் நம் ஆள் படுவதில்லை.

இதற்கு மாற்றம் கோரியவர்கள் இல்லாமல் போகவில்லை. பினாங்கு மாநில அரசாங்கம் 2012-இல் தேர்தல் நடத்தத் தனிச் சட்டமே இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளிவிட்டது. 2018-இல் அரசாங்கம் மாறியபோது, மூன்று ஆண்டில் தேர்தல் வரும் என்று பொறுப்பான அமைச்சரே பேசினார். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரதமர் மகாதீர், இனப் பகைமை வரும் என்று காரணம் சொல்லி மறுத்துவிட்டார். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. பயப்படுகிறவரோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். நகரத்தில் இன்று எல்லா இனத்தாரும் குடியேறிவிட்டார்கள். 2021 டிசம்பரிலிருந்து பதினெட்டு வயதானவர் யாவரும் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார்கள். 2022-இல் ஜோகூர்க்காரர் ஒரே ஆண்டில் இரண்டு முறை, மார்ச்சில் சட்டமன்றத்துக்கும் நவம்பரில் நாடாளுமன்றத்துக்கும், வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். எங்கேயாவது அடிதடி நடந்ததா? நாட்டை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்க அறிவுள்ளவனுக்குத் தெருக் குப்பையை அள்ளுபவரைத் தேர்ந்தெடுக்க அறிவில்லாமல் போகுமா?

மற்ற நாட்டில் உள்ள நம்மவர் நிலையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. ஆனாலும் 2016-இல் பதவிக்காலம் முடிந்த நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது போலிருக்கிறது. ஆனால் வழக்குமன்றத்துக்குப் போய்க் கேட்க அவர்களுக்கு ஓர் ஏடாவது இருந்தது. முடிவில் தேர்தல் நடந்து, சென்னை மாநகராட்சிக்கு ஆர். பிரியா என்ற இளம்பெண் மேயரானார். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பெண் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் தடவை.

இலங்கை மலையகத்தின் கதை இன்னும் விசித்திரமானது. தேயிலைத் தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு ஓட்டுப் போட்டார்கள், உறுப்பினராகவும் போய் உட்கார்ந்தார்கள். ஆனால் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவு செய்ய வழிவிடவில்லை. தம் ஓட்டில் வென்ற உறுப்பினராலேயே தம் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் கொட்ட முடியாத நிலை. முப்பது ஆண்டு போராடி 2018-இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அங்கே ஓட்டு இருந்தது, காசு இல்லை. இங்கே தாமானுக்கு வந்த நம்மிடம் வீட்டு வரி வாங்குகிறார்கள், ஓட்டு இல்லை.

அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை. சுக்காய் பிந்து என்று பில் வருகிறதே, அதை வாங்கி அலமாரியில் போட்டுவிடாதீர்கள். வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பில் கணக்கிட்டால் 35 விழுக்காட்டுக்கு மேலும், மனையும் கட்டடமும் சேர்ந்த மதிப்பில் கணக்கிட்டால் 5 விழுக்காட்டுக்கு மேலும் போடக்கூடாது என்பது சட்டம். ஜோகூரில் இரண்டாவது கணக்குத்தான் வழக்கம். புது மதிப்பீடு வரும்போது ஆட்சேபம் எழுதிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. இன்னொன்று, இதைப் பலர் அறியமாட்டார்கள்: 23-ஆம் பிரிவுப்படி மன்றத்தின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. வேண்டாமென்று மன்றம் தீர்மானம் போட்டாலொழிய, யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். பேச முடியாது, கேட்கலாம். செனாய் இருப்பது கூலாய் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள். அங்கே கூட்டம் நடக்கும் நாளில் நம்மில் பத்துப் பேர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தால் என்ன? முதல் நாள் யாரென்று பார்ப்பார்கள். மூன்றாம் நாள் எதற்கு வந்தீர்கள் என்று அவர்களே கேட்பார்கள்.

வயதான தாய் ஒருவர் இங்கே வருவதற்கு முன் என்னிடம் கேட்டார், "தம்பி, தேர்தல் வந்தால் மட்டும் நம்மை யார் மதிக்கப்போகிறார்கள்?" என்று. நியாயமான கேள்வி. நம் தொகை சிறிது. செம்பனைக்கும் தொழிற்சாலைக்கும் நிலம் போன பிறகு சிதறியும்விட்டோம். தேர்தல் வந்தாலும் நம் ஆள் ஜெயிப்பார் என்று நான் வாக்குறுதி தரமாட்டேன். ஆனால் ஒரு வட்டாரத்தில் ஆயிரம் ஓட்டு இருந்து, அதில் நம் ஓட்டு எண்பது என்றால், இரண்டு பேர் மோதும்போது அந்த எண்பதுக்காகச் சாக்கடையை எட்டிப் பார்க்க ஒருவராவது வருவார். இப்போது எட்டிப் பார்க்க யாருக்கும் அவசியமில்லை. அந்தத் தாயாரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்போ எண்பதும் ஒண்ணா நிக்கணுமே" என்றார். எனக்கு மேலே பேச வாய் வரவில்லை.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் கிராணிமார் இருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் வரிசையில் எரியாத விளக்கு, ஓடாத சாக்கடை எது என்று சொல்லுங்கள். தேதியோடு எழுதி, உங்களுக்கு ஒரு பிரதி தருவார்கள். நகராண்மைக் கழகத்துக்கு ஒன்று, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று போகும். கூட்டம் கேட்கப் போக விருப்பமுள்ள பத்துப் பேர் பெயரும் அதே புத்தகத்தில். பெண்கள் நாலு பேராவது வேண்டும். தேநீர் வந்துவிட்டது என்று தலைவர் கண்ணால் காட்டுகிறார்.