பங்காளி விலகும் வேளை



தமிழிலே 'பங்காளி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. குடும்பச் சொத்திலே உரிமை கொண்ட உறவினனும் பங்காளி. கடையிலே முதலிட்ட கூட்டாளியும் பங்காளி. உறவுப் பங்காளிகள் வேலி எல்லைக்காகப் பகைகொள்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கடைப் பங்காளிகளுக்குள் பகை மூளுவது பெரும்பாலும் ஒருவர், "நான் விலகிக்கொள்ளுகிறேன்" என்று வாய்திறக்கும் வேளையிலேயாம். அவ்வேளையில் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நண்பர் இருவர் தலைக்கு 2 இலட்சம் ரூபா முதலிட்டுப் பலசரக்குக் கடையொன்றை நடத்தி வருகின்றனர். பத்தாண்டுகள் கழிகின்றன. ஒருவருடைய மகளுக்கு விவாகம் நிச்சயமாகிறது. கையிலே பணம் வேண்டும். உடம்பிலும் பழைய தென்பு இல்லை. ஒருநாள் இரவு கடை பூட்டும்போது தம் எண்ணத்தைச் சொல்லுகிறார். "என்னை நடு ஆற்றிலே விட்டுப் போகிறீரோ?" என்று மற்றவர் கொதிக்கிறார்.

அந்த இரவிலே எவ்வித மறுமொழியும் கூறாதிருத்தலே முதற்கடமை. கோபத்திலே பிறந்த சொல் பின்னர் கணக்கு மேசையிலும் வந்து குந்திக்கொள்ளும். மறுநாள் அமைதியாக, "ஏன் விலக எண்ணுகிறீர்?" என்று கேட்டறிதல் வேண்டும். உடல்நலக் குறைவே காரணமானால், முதலை விட்டுவைத்து வேலையிலிருந்து மட்டும் ஓய்வுபெற வழியுண்டு. கணக்கிலே ஐயமே காரணமானால், பேரேட்டை விரித்துக் காட்டுவதே மருந்து. இவையொன்றும் பொருந்தாவிடின், விலகுவதற்கு இசைதலே நன்று. மனமில்லாதவரைப் பிடித்துவைத்த கடை செழித்ததில்லை.

சட்டமும் அவ்வாறே கூறுகிறது. பங்குடைமை விடயங்களில் இந்நாட்டிலே கைக்கொள்ளப்படுவது இங்கிலாந்தின் 1890 ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டமாகும். குறித்த காலவரையறையின்றித் தொடங்கிய கூட்டு வியாபாரத்தை, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவிடத்து, பங்காளி ஒருவர் அறிவித்தல் கொடுத்து முடிவுக்குக் கொண்டுவரலாம் என்பது அதன் விதி. ஆனால், 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட முதலுடைய பங்குடைமை எழுத்திலே அமைந்து கையொப்பமிடப்பட்டிருத்தல் வேண்டும். ஆயிரம் ரூபாவுக்குள் அடங்கும் கடை இன்று எங்கே இருக்கிறது? எனவே, வாய்ச்சொல்லை நம்பி முதலிட்டவர் நீதிமன்றத்திலே தம் உரிமையை நிலைநாட்டப் பெரிதும் இடர்ப்பட நேரிடும்.

இனி, பங்கின் பெறுமானத்துக்கு வருவோம். விலகுபவர், "கடை நிறையச் சாமான் இருக்கிறது, எனக்கு 6 இலட்சம் வரவேண்டும்" என எண்ணுகிறார். இருப்பவரோ, "அவர் போட்டது 2 இலட்சம், அதைக் கொடுத்தாற் போதும்" என எண்ணுகிறார். இருவர் எண்ணமும் தவறானது. விலகும் தேதியிலே ஐந்தொகை ஒன்று தயாரித்தல் வேண்டும்.

சரக்கின் கொள்விலை 9 இலட்சம். அதிலே பழுதடைந்தது 1 இலட்சம். எஞ்சுவது 8 இலட்சம். வங்கியில் 1 இலட்சம் உண்டு. கடன்பட்டோர் தரவேண்டியது 3 இலட்சமாயினும், வந்துசேரும் என நம்பத்தக்கது 2 இலட்சமே. ஆக 11 இலட்சம். மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய 4 இலட்சம் போக, மிகுதி 7 இலட்சம். விலகுபவர் தம் முதலுக்கு மேலாகக் கடைக்குக் கடனாகக் கொடுத்த 1 இலட்சத்தை அடுத்துத் தீர்த்தல் வேண்டும். பின்னர் இருவரின் முதலான 4 இலட்சம். எஞ்சும் 2 இலட்சம், வேறு ஒப்பந்தம் இல்லையாயின், இருவருக்கும் சரிபாதி. ஆகவே விலகுபவருக்குச் சேரவேண்டியது 4 இலட்சமாகும். கடையின் நற்பெயருக்கும் ஒரு விலை உண்டு. அதனை இருவரும் பேசித் தீர்மானித்துச் சேர்த்துக்கொள்ளலாம். இருவருக்கும் பொதுவான ஒரு கணக்காளரைக் கொண்டு இவற்றைச் செய்வித்தல் உத்தமம்.

இத்தொகை முழுவதையும் ஒரேநாளிற் கொடுத்தாற் கடை சாய்ந்துவிடும். கொடாது இழுத்தடித்தாலோ விவாகம் தடைப்படும். உடனே 1 இலட்சமும், பின்னர் மாதம் 25,000 ரூபாவாகப் பன்னிரண்டு மாதங்களும் எனத் தவணை வகுத்து எழுதிக்கொள்ளலாம். கணக்குத் தீர்க்காமல் அவர் பணத்தைக்கொண்டே வியாபாரம் நடத்துபவர், விலகியவர் விரும்பியபடி, அப்பணத்தால் விளைந்த இலாபத்தையோ, ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீத வட்டியையோ கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதையும் மறத்தலாகாது.

விலகுபவருக்கும் ஓர் எச்சரிக்கை. படலையைத் தாண்டியவுடன் பொறுப்புத் தீர்ந்துவிடாது. அவர் இருந்த காலத்துக் கடன்களுக்கு, கடன்கொடுத்தோர் உடன்பட்டு விடுவித்தாலன்றி, அவர் பொறுப்பாளியே. விலகிய செய்தியை அறியாத பழைய வியாபாரிகள் புதிதாகக் கொடுக்கும் கடனுக்கும் அவர் உத்தரவாதியாக நேரிடலாம். ஆதலால், சரக்குக் கொடுப்போர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் அனுப்புக. வர்த்தமானியிலும் அறிவித்தல் வெளியிடுக. வங்கியிலே கையொப்ப அதிகாரத்தை மாற்றுக. வியாபாரப் பெயர்ப் பதிவையும், கடையின் வாடகை ஒப்பந்தத்தையும் திருத்துக. விடுதலைப் பத்திரத்தைச் சட்டத்தரணி ஒருவரைக்கொண்டு எழுதுவித்து, இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்க.

நேயர்களே, கூட்டு வியாபாரம் தொடங்கும் நன்னாளிலேயே பிரியும் வழியையும் எழுதிவைப்பது அபசகுனம் எனச் சிலர் கருதுவர். வீடு கட்டுபவன் வாசலும் வைத்தே கட்டுகிறான். அது வீட்டைவிட்டு ஓடுவதற்காகவன்று. கணக்கு நேர்மையாகத் தீர்ந்தால், விலகிய நண்பரின் மகள் விவாகப் பந்தலிலே, முன்வரிசையில் மற்றவரும் அமர்ந்திருப்பார். அந்த இருக்கையின் பெறுமதி எந்த ஐந்தொகையிலும் அடங்காது.