கணினி நின்றால் யாருடைய பிழை?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



நூறு வருடக் கதை பேசும் மேடையில் பழுதாய்ப்போகும் கணினியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் யோசிக்கலாம். ஆனால் இன்று எங்களை ஒன்றாக வைத்திருப்பவை இந்தப் பொருட்கள்தான். சங்கக் கூட்டம் சூமில் நடக்கிறது. யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கும் ஒரே வகுப்புத் தோழிகள் வட்ஸ்அப்பில் கதைக்கிறோம். அந்தக் கூட்டங்களில் குரல் அறுந்து, படம் உறைந்து போகும்போதெல்லாம் ஒரு வசனம் கேட்கும்: "மன்னிக்கவேணும் பிள்ளையள், எனக்கு உது பிடிபடுதில்லை." சொல்பவர் எங்களுக்குத் தூய கணிதம் படிப்பித்த ரீச்சராக இருப்பார். தொகையீட்டைக் கரும்பலகையில் பிழையின்றிப் போட்டவர், கைத்தொலைபேசியின் ஒரு பொத்தானுக்கு முன்னால் தன்னை முட்டாள் என்று நினைக்கிறார்.

அந்த மன்னிப்புத் தேவையில்லை. அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் நோர்மன் 1988 இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் தடுமாறுகிறவர் தன்னையே நொந்துகொள்கிறார். உண்மையில் கதவைச் செய்தவர்தான் யோசித்திருக்க வேண்டும் என்றார் அவர்.

வைத்தியத் துறையில் இந்தப் பாடம் உயிர்களை விலையாகக் கொடுத்துப் படிக்கப்பட்டது. 1985 இலிருந்து 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்ச்சிகிச்சை இயந்திரம் ஆறு புற்றுநோயாளர்களுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிரைப் பாய்ச்சியது. மூவராவது இறந்தனர். முந்திய மாதிரிகளில் ஆபத்தைத் தடுக்கும் பொறிகள் வன்பொருளில் இருந்தன. இதில் அந்தப் பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டிருந்தது. திரையில் "பழுது 54" என்று மட்டும் வரும், விளக்கம் வராது. இப்படியான செய்திகள் அடிக்கடி வந்ததால், ஒரு விசையை அழுத்திச் சிகிச்சையைத் தொடர்வது இயக்குநர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. சுட்டது என்று நோயாளி சொன்னபோது, இயந்திரத்தால் அப்படி நடக்காது என்றே பதில் வந்தது. இன்று எங்கள் கணினியில் விளங்காத எச்சரிக்கை வந்தவுடன் வாசிக்காமலே "சரி" என்று அழுத்துகிறோமே, அதுவும் அதே பழக்கந்தான்.

பெரிய நிறுவனங்களுக்கும் விதிவிலக்கில்லை. 2024 ஜூலை 19 இல் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பினால் உலகம் முழுவதும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின. விமானங்கள் பறக்கவில்லை, வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. ஆகவே ரீச்சர்மாரே, உங்கள் தொலைபேசி நின்றால் வெட்கப்படவேண்டாம்.

எங்கள் தலைமுறைக்குப் பொருட்களோடு மல்லுக்கட்டுவது புதிதல்ல. பற்றரிக்குத் தடையிருந்த 1990 களில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அந்தப் பொருட்கள் எப்படி வேலைசெய்கின்றன என்று கண்ணால் பார்க்க முடிந்தது. திரி கருகினால் வெட்டிவிடலாம். இன்றைய தொலைபேசியைத் திறக்கவே முடியாதபடி பசையால் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் லிதியம் அயன் மின்கலம் ஏற்றி இறக்க ஏற்றி இறக்கத் தேய்வது அதன் இயல்பு. அதை இலகுவாக மாற்ற வழியில்லாதபோது முழுத் தொலைபேசியையும் வீசச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்தும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தது. அதே வருடக் கடைசியிலிருந்து தொலைபேசிகளுக்குப் பொதுவான ஒரே சார்ஜர் வாயிலையும் கட்டாயமாக்கியது. பாவிப்பவர்கள் கேட்டால் மாற்றம் வரும் என்பதற்கு இது அத்தாட்சி.

இனி எங்கள் வீட்டு விடயத்துக்கு வருவோம். சங்கத்தின் பழைய அறிக்கைகள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "அம்மா" என்ற சொல்கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். ஒருங்குறியில் தமிழ் 1991 இலேயே இடம்பிடித்துவிட்டது. ஆனாலும் எங்கள் கோப்புகள் இன்னும் அங்கு போய்ச் சேரவில்லை. நெகிழ்தட்டுகளில் வைத்தவற்றை வாசிக்கக் கருவி தேடி அலைய வேண்டியிருக்கிறது. 80 வருடத்துக்கு முந்திய வரவுப் பதிவேட்டை இன்றும் விரித்து வாசிக்கலாம். 20 வருடத்துக்கு முந்திய விளையாட்டுப் போட்டிப் படங்களைப் பார்க்க முடியவில்லை.

அதற்காகக் கடதாசி என்றும் நிலைக்கும் என்று சொல்லவும் முடியாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட ஊர் இது. ஒரே பிரதியாக இருந்த சுவடிகள் திரும்பி வரவேயில்லை. எந்தப் பதிவும் ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கக்கூடாது என்பதே அது எங்களுக்குச் சொல்லும் பாடம்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது, உங்களிடம் இருக்கும் கல்லூரிப் படங்களையும் கடிதங்களையும் இந்த வருடத்துக்குள் ஒருங்குறியிலும் பொதுவான பட வடிவத்திலும் மாற்றித் தாருங்கள். ஒரு பிரதி கல்லூரியிலும், ஒன்று வெளிநாட்டுக் கிளையொன்றிலும், முக்கியமானவை கடதாசியிலும் இருக்கட்டும். மூத்த ஆசிரியைகளின் வீட்டுக்கு ஒரு மாணவி போய்ப் பக்கத்தில் இருந்து அவர்களுக்கு உதவட்டும். அவர்கள் சொல்லும் பழங்கதையையும் குறித்துக்கொண்டு வரட்டும்.

இரண்டாவது, கணினி அன்பளிப்புச் செய்யும் தோழிகளுக்கு. உங்கள் மனம் பெரிது. ஆனால் உப்புக்காற்றும் புழுதியும் உள்ள அறையில், மின்சாரம் ஏறி இறங்கும் இடத்தில், திருத்துவதற்கு ஒரு சதமும் ஒதுக்காமல் தரும் கணினி சில வருடங்களில் துணி மூடிய தளபாடமாகிவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. பத்துக் கணினிக்குப் பணம் சேர்ந்தால் ஏழை வாங்குங்கள். மிகுதியை மின்தடை தாங்கும் கருவிக்கும், உதிரிப்பாகத்துக்கும், வருடாந்தத் திருத்தவேலைக்கும் வையுங்கள். அதைக் கழற்றிப் பூட்ட மாணவிகளுக்கே பழக்குவோம். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது கைவராமல் போகாது.

 வாழ்க எமது கல்லூரி!