கொட்டிலும் வீடும்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீடு என்பது மனிதர் மட்டும் வாழும் இடமன்று. முற்றத்திலே நாய் படுத்திருக்கும். வளவின் ஒரு மூலையிலே பசுவும் கன்றும் கட்டிய கொட்டில் இருக்கும். வேலியோரத்தில் ஆடு பூவரசங் குழையைக் கடித்துக்கொண்டு நிற்கும். கோழி அடுப்படிவரை வந்து போகும். ஒரு கிணற்றுத் தண்ணீரையே இவ்வளவு பேரும் குடிக்கின்றனர். ஆயினும் நோய் என்று வந்துவிட்டால் நாம் இரண்டு வழியாகப் பிரிந்துவிடுகிறோம். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். பசு தீன் எடுக்கவில்லையென்றால் மிருக வைத்தியரை அழைக்கிறோம். ஒருவர் கண்டதை மற்றவரும் அறியவேண்டும் என்ற எண்ணம் நமக்கு எழுவதில்லை. அவ்விரு வழிகளும் ஓரிடத்திலே சந்திக்கவேண்டும் என்பதும், சந்திக்கத் தவறினால் மனித உயிரே அதற்கு விலையாகக்கூடும் என்பதுமே இன்றைய பேச்சின் பொருள்.

மிருக வைத்தியத்தை மனித வைத்தியத்தின் பின்னால் நடந்துவரும் தம்பியாகப் பலர் எண்ணுவதுண்டு. வரலாற்றைப் பார்த்தால், பல வேளைகளில் தம்பியே விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்திருக்கின்றான்.

1796ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்ற வைத்தியர், பசுவிடமிருந்து மாட்டம்மை தொற்றிய பாற்காரப் பெண்ணொருத்தியின் கைக் கொப்புளத்து நீரை எடுத்து, எட்டு வயதுச் சிறுவனொருவனுக்கு ஏற்றினார். பின்னர் பெரியம்மைப் பாலையே அவனுக்கு ஏற்றிப் பார்த்தபோதும் அந்நோய் அவனைப் பற்றவில்லை. அந்த முறை 1802இல் இலங்கைக்கு வந்துசேர்ந்தது. தடுப்பு மருந்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே, பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததாகும். நம் முன்னோரும் அதனை அம்மைப்பால் என்று வழங்கினர். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அந்தப் பெரு வெற்றியின் வேர் ஒரு மாட்டுக் கொட்டிலிலே இருந்தது.

இன்னுமோர் உதாரணம் உங்கள் தோளிலேயே உண்டு. பிறந்தவுடன் குழந்தைகளுக்குப் போடப்படும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பைத்தான் சொல்கிறேன். காசநோய்க்கு எதிரான அந்த மருந்தின் பெயரில் இருவர் பெயர்கள் அடங்கியுள்ளன. ஒருவர் கால்மெத் என்ற வைத்தியர். மற்றவர் கெரான் என்ற மிருக வைத்தியர். பிரான்சின் லீல் நகரில் 1908இல் இவ்விருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்து, பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் வளர்த்து, அதனை மீண்டும் மீண்டும் புதிதாகப் பயிரிட்டு வந்தனர். இடையே முதலாம் உலக யுத்தம் மூண்டு, அந்நகரம் ஜெர்மானியர் வசமாயிற்று. அப்போதும் அவர்கள் வேலையைக் கைவிடவில்லை. 13 ஆண்டுகளில் 230 தடவை மாற்றிப் பயிரிட்டதன் பின் கிருமி தன் கொடுமையை இழந்தது. 1921இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. மாட்டின் நோயை ஆராய்ந்தவரின் பொறுமை இன்று நம் பிள்ளைகளின் தோளிலே தழும்பாக நிற்கிறது.

இனி நமது குடாநாட்டுக்கு வருவோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் பெருமழை பெய்து, யாழ்ப்பாணத்தின் தாழ்நிலங்களும் வயல்களும் வெள்ளத்தில் மூழ்கின. அடுத்து வந்த டிசம்பரில் வடமராட்சி முதலிய பகுதிகளிலிருந்து கடுங் காய்ச்சலுடன் பலர் வைத்தியசாலைகளுக்கு வந்தனர். சிலருக்கு மூச்சு முட்டியது. என்ன காய்ச்சல் என்பது தொடக்கத்தில் எவருக்கும் விளங்கவில்லை. பெயர் தெரியாத காய்ச்சல் என்ற பீதி ஊரெங்கும் பரவிற்று. மாத நடுப்பகுதிக்குள் 7 பேர் இறந்துபோயினர். இரத்த மாதிரிகள் பரிசோதிக்கப்பட்ட பின்னரே, அது எலிக்காய்ச்சல் என்பது உறுதியாயிற்று.

எலிக்காய்ச்சல் இலங்கைக்குப் புதியதன்று. 2008ஆம் ஆண்டில் மட்டும் நாடளாவிய முறையில் 7,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகி, 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அதனை ஈரவலயத்து நோயாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆறில்லாத, கிணற்றை நம்பி வாழும் வறண்ட குடாநாட்டிலும் அது பலரின் உயிரைக் குடிக்கும் என்பதை 2024 நமக்குக் காட்டியது.

இந்நோயின் போக்கைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. இதனை உண்டாக்கும் கிருமி மெல்லிய சுருள்போன்ற வடிவமுடையது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1915ஆம் ஆண்டளவில் அதனைக் கண்டறிந்தனர். அது விலங்குகளின் சிறுநீரகத்திலே குடியிருந்து, அவற்றின் சிறுநீரோடு வெளியேறுகிறது. உவர்நீரும் கடும் வெயிலும் அதற்கு ஆகா. புளிப்பில்லாத நன்னீரிலும் ஈரமண்ணிலும் அது வாரக்கணக்கில் உயிர்த்திருக்கும். சுண்ணக்கல்லின் மேல் அமைந்த நமது நிலத்தின் மழைநீர்த் தேக்கங்கள் அதற்கு ஏற்ற இடங்களாகின்றன. வயலில் இறங்குபவரின் காலில் ஒரு சிறு கீறலோ வெடிப்போ இருந்தாற் போதும், கிருமி உட்புகுந்துவிடும். ஒன்றிரண்டு வாரத்திற்குள் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் ஆகியன தோன்றும். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். பிந்தினால் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் ஆகியவை ஒவ்வொன்றாகப் பழுதுபடும்.

எலிக்காய்ச்சல் என்ற பெயர் பழியை முழுவதும் எலியின் மேற் சுமத்துகிறது. இங்கேதான் மிருக வைத்திய ஆராய்ச்சி நமக்கு ஒரு முக்கியமான உண்மையைச் சொல்கிறது. இக்கிருமியில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒவ்வொரு வகையும் தனக்கென ஒரு விலங்கைப் பெரும்பாலும் தெரிந்துகொள்கிறது. எலியில் ஒருவகை, மாட்டில் ஒருவகை, பன்றியில் ஒருவகை, நாயில் ஒருவகை எனக் குடிகொள்கிறது. மாட்டுவகைக் கிருமி புகுந்த பசு பெரிதாக நோய்வாய்ப்பட்டதுபோலத் தோன்றாது. ஒருநாள் பால் திடீரெனக் குறையும். சினைப்பசுவாயின் மாதம் முற்றியபின் கன்று விழும். அல்லது பிறந்த கன்று எழுந்து நிற்கமாட்டாமல் இறக்கும். வீட்டுக்காரர் அதனைத் தீனிக் குறையென்றோ கண்ணூறென்றோ எண்ணி விட்டுவிடுவர். பசுவோ தேறிவிடும். தேறிய பின்னும் மாதக்கணக்காக அதன் சிறுநீரில் கிருமி இறங்கிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டறியும் முறையொன்று உண்டு. பல வகைக் கிருமிகளையும் உயிரோடு ஆய்வுகூடத்தில் வளர்த்து வைத்திருப்பார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை அவற்றுடன் ஒவ்வொன்றாகக் கலந்து, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்குவார்கள். எந்த வகைக் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவோ, அந்த வகையே அந்த உடலிற் புகுந்திருக்கக் கூடியதென ஊகிப்பார்கள். மனித இரத்தத்துக்குப் பொருந்தும் அதே சோதனை மாட்டின் இரத்தத்துக்கும் பொருந்தும். இவ்விரண்டு சோதனைகளின் முடிவுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால், இந்தக் கிராமத்துக் காய்ச்சல் எலியிலிருந்து வந்ததா, மாட்டிலிருந்து வந்ததா என்ற துப்புக் கிடைக்கும்.

அதனால் ஆவதென்ன என்று கேட்பீர்கள். எலியென்றால் நெல் வைக்கும் இடத்தையும் குப்பையையும் கவனிக்கவேண்டும். மாடென்றால் கொட்டில் நீர் வழிந்தோடும் வாய்க்காலை மாற்றவேண்டும். மாட்டுக்கே தடுப்பூசி போடவேண்டும். மாட்டுக்கும் நாய்க்கும் இந்நோய்க்குத் தடுப்பூசிகள் உண்டு. ஆயின் எந்த வகைக் கிருமிக்கெனச் செய்யப்பட்டதோ, பெரும்பாலும் அந்த வகைக்கே அது காப்பாகும். வகை தெரியாமற் குத்தும் ஊசி, பூட்டறியாமல் வாங்கிய திறப்புப் போன்றது.

கொட்டிலைக் காப்பதால் வீடு காக்கப்படும் என்பதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சாட்சி உண்டு. அது விசர்நாய்க்கடி நோய். பிரான்சின் லியோன் நகரிலே 1761இல் நிறுவப்பட்ட மிருக வைத்தியப் பாடசாலையே உலகில் அவ்வகையில் முதலாவது. அங்கே பேராசிரியராயிருந்த கால்தியே என்பவர், விசர் நோயை முயலுக்கு ஏற்றி ஆராயலாம் என்று 1879இல் காட்டினார். அந்த வழியைப் பற்றியே லூயி பாஸ்டர் மேலும் நடந்து, 1885ஆம் ஆண்டு யூலை மாதத்தில், நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தை ஏற்றினார். சிறுவன் பிழைத்தான்.

இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் விசர் நோயால் மடிந்தனர். 1975இல் நாடளாவிய தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. கடிபட்ட மனிதருக்கு ஊசி போடுவதோடு நில்லாமல், கடிக்கக்கூடிய நாய்க்கும் ஊசி போடுவது என்பதே அதன் சாரம். நாய்களுட் பத்தில் ஏழுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், நோய் ஒரு நாயிலிருந்து மறு நாய்க்குத் தாவ வழியின்றி அற்றுவிடும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட கணக்கு. சனத்தொகை எவ்வளவோ பெருகியும், அண்மைய ஆண்டுகளில் அந்நோயால் இறப்போர் தொகை 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நம் நாட்டில் நாய்க்குத் தடுப்பூசி போடும் பொறுப்பு சுகாதார அமைச்சின் பொதுச் சுகாதார மிருக வைத்திய சேவையிடம் இருப்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். மனிதர் நலம் பேணும் அமைச்சே நாயைத் தேடிச் செல்கிறது. அந்த நல்லறிவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாம் விரிக்கவேண்டும்.

பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்தியதரைக் கடலிலுள்ள மோல்ற்றாத் தீவில் பிரித்தானியப் படைவீரர்களை மாதக்கணக்கில் வாட்டிய காய்ச்சலொன்றின் கிருமியை, 1887இல் டேவிட் புரூஸ் என்ற படை வைத்தியர் கண்டார். அது எங்கிருந்து வருகிறது என்பது பல ஆண்டுகளாக மறைந்திருந்தது. 1905இல் சம்மித் என்ற மோல்ற்றா நாட்டு வைத்தியர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். பார்வைக்கு நல்ல சுகத்தோடிருந்த ஆடுகளே அக்கிருமியைச் சுமந்து, பாலோடு வழங்கிக்கொண்டிருந்தன. காய்ச்சாத பாலை நிறுத்தவே படையினரிடையே காய்ச்சலும் தணிந்தது. புரூசெல்லா எனப்படும் அந்நோய் கால்நடைகளில் கருச்சிதைவை உண்டாக்குவது. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் தாய்மாரின் வழக்கம் இந்நோயிலிருந்தும் மாட்டுக் காசநோயிலிருந்தும் நம்மைக் காத்து வந்திருக்கிறது. அந்த வழக்கத்தை எந்த நாகரிகத்துக்காகவும் விட்டுவிடலாகாது. ஆனால் பால் காய்ச்சும் வீட்டிலும், விழுந்த கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் அள்ளுவோர் உண்டு. அக்கைகளுக்கு அடுப்பு காவலாகாது.

ஆதலால் செய்யவேண்டியவை யாவை? மாடு வளர்ப்போர், கன்று விழுந்தாலோ, காரணமின்றிப் பால் வற்றினாலோ, உடனே மிருக வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். விழுந்ததை வெறுங்கையால் தொடாமல், நாய் கிளறாதபடி ஆழமாகப் புதைக்கவேண்டும். வயலில் இறங்குவோர் புண்ணை மூடிக்கொண்டு இறங்குவதும், மழைக்காலத்தில் சுகாதாரப் பகுதியினர் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையைச் சொன்னபடி எடுப்பதும் அவசியம். காய்ச்சலென்று வைத்தியரிடம் போனால், தாம் வயலில் இறங்கியதையும், வீட்டில் மாடு இருப்பதையும், அது எப்படியிருக்கிறது என்பதையும் கேளாமலே சொல்லிவிடவேண்டும்.

அறிந்தோரின் கடமை இதனிலும் பெரிது. மிருக வைத்தியக் கல்விக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பீடமும், கால்நடை நோய்களை ஆராயக் கன்னொறுவையில் ஒரு நிலையமும், மனித நோய்களை ஆராயக் கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978 முதல் இங்கேயே இயங்கி வருகிறது. இவை ஒவ்வொன்றும் தத்தம் வேலையைச் செய்கின்றன. ஒரு கிராமத்தில் அடுத்தடுத்து மூன்று பசுக்கள் கன்று போட்ட செய்தி, மிருக வைத்தியரின் பதிவேட்டோடு நின்றுவிடாமல், அதே நாளில் சுகாதார வைத்திய அதிகாரியின் காதுக்கும் எட்டவேண்டும். அப்படி எட்டுமாயின், வெள்ளம் வடிந்தபின் முதல் மனிதர் காய்ச்சலில் விழுமுன்னரே ஊருக்கு எச்சரிக்கை கிடைக்கக்கூடும். 2024இல் காய்ச்சலுக்குப் பெயர் தெரியாமற் கழிந்த நாட்கள் எவ்வளவு விலையுள்ளவை என்பதை, உறவுகளை இழந்த குடும்பங்கள் அறியும்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல். பசுவைக் குளிப்பாட்டி, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, பொங்கல் ஊட்டுகிறோம். அது மாரி ஓய்ந்து வயல் ஈரம் இன்னும் காயாத காலம். எலிக்காய்ச்சலின் அச்சம் நீங்காத காலமும் அதுவே. மாலை சூட்டும் அந்தக் கையோடு, கொட்டிலின் நீர் எங்கே ஓடுகிறது என்றும் பார்ப்போமாக. மிருக வைத்தியர் இரத்தம் எடுக்க வந்தால், பசுவை மனமுவந்து பிடித்துக் கொடுப்போமாக. அந்த ஒரு துளி நம் வீட்டுப் பிள்ளையையும் காக்கக்கூடும்.