கண்ணுக்குத் தெரியாத விளக்கு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். விமானச் சத்தம் கேட்டால் அதையும் அணைத்துவிடுவோம். வெளிச்சம் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது எங்களுக்குச் சிறுவயதிலேயே தெரியும். அந்த நாட்களில்தான் எங்கள் விஞ்ஞான ஆசிரியை கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பற்றிச் சொன்னார். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் நிறமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கே வெப்பம் கூடியது. அதுவே செந்நிறக்கீழ்க் கதிர்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அந்தக் கதிர் கப்பலேறியது. இரவில் ஒரு கப்பல் மற்றக் கப்பலுடன் பேசவேண்டும். வானொலியில் பேசினால் அலை வரும் திசையை வைத்து எதிரி இடத்தைக் கண்டுபிடிப்பான். அத்திலாந்திக்கில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் பல அப்படித்தான் அகப்பட்டன. விளக்கைச் சிமிட்டினாலோ எல்லோர் கண்ணிலும் படும். ஆகவே அமெரிக்கக் கடற்படையினர் சமிக்ஞை விளக்கின் முகத்தில் ஒரு வடிகட்டியை மாட்டினார்கள். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்து, செந்நிறக்கீழ்க் கதிரை மட்டும் வெளியே விட்டது. 'நான்சி' என்பது அம்முறையின் பெயர். மோர்ஸ் குறிகள் இருளோடு இருளாகப் போயின. மற்றக் கப்பலின் கருவியில் கதிர் பட்டதும் இலத்திரன்கள் வெளிப்பட்டு, ஒளிர்திரையில் மோதி, வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்தன.

ஆனால் வானொலியைப் போல அது தானாகக் காதில் வந்து விழாது. விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. கருவியை எடுத்து, அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்கவேண்டும்.

அதே கதிரை இன்று நான் விடுதியில் தினமும் பயன்படுத்துகிறேன். விரலில் மாட்டும் ஒட்சிமானி சிவப்பு ஒளியையும் செந்நிறக்கீழ்க் கதிரையும் விரலூடாக அனுப்பி, இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு ஒட்சிசனின் அளவைச் சொல்கிறது. 1970களில் இவ்வழியைக் கண்டவர் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி. கொரோனாக் காலத்தில் ஓர் அம்மா, "எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை, மற்ற ஆக்களைப் பாருங்கோ" என்று சிரித்தார். விரலில் மாட்டினேன். 78. பத்து நாள் ஒட்சிசனில் இருந்து, பிழைத்து வீடு போனார்.

அதே ஆண்டில் என் வகுப்புத் தோழி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து "சுகமாய் இருக்கிறன்" என்றே எழுதிக்கொண்டிருந்தாள். வைத்தியராகிய நானும் அதை நம்பி இருந்துவிட்டேன். அவளுடைய வருத்தத்தை அறிந்தபோது காலம் கடந்துவிட்டது.

சகோதரிகளே, நாங்கள் பல தேசங்களில் சிதறி வாழ்கிறோம். இவ்விழா முடிந்து வீடு போனதும், கொஞ்ச நாளாகச் சத்தமில்லாமல் இருக்கும் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். அவளோடு கதையுங்கள். "சுகம்" என்று சொன்னால், இன்னொரு தரமும் கேளுங்கள்.