பீலிக்கரையில் ஒரு பாடம்



அட்டன் நகரைச் சூழ்ந்துள்ள மலைமுகடுகளிலே மழை பெய்யும்பொழுது ஒரு வேடிக்கை நிகழ்கின்றது. முகட்டின் தெற்குச் சரிவிலே வீழ்ந்த துளி டிக்கோயாப் பக்கமாக இறங்கி, கெசல்கமு ஓயாவிற் கலந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்திலே சிறிது காலம் தங்கி, பின்னர் களனி கங்கையாகிக் கொழும்பு மாநகரின் குடிநீர்க் குழாய்களை எட்டுகின்றது. அதற்கு ஒரு முழம் வடக்கே வீழ்ந்த துளியோ மகாவலி கங்கையைச் சேர்ந்து, நாட்டைச் சுற்றி வளைந்து சென்று, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலே கடலைக் காண்கின்றது. ஒரே முகிலிற் பிறந்த துளிகள். ஒன்று மேற்கே போயிற்று, மற்றது கிழக்கே போயிற்று. இத்துளிகள் போகும் வழியையும், அவ்வழியிலே வாழும் உயிர்களையும் பற்றிப் பாடஞ் சொல்லுவதே பல ஆண்டுகளாக என் தொழில். நன்னீர்ச் சூழலியல் என்பது அப்பாடத்தின் பெயர். அதைக் கற்பிக்கையில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச வந்திருக்கின்றேன்.

என் மாணவர்களிற் பெரும்பாலோர் விஞ்ஞானம் பயின்றவர்கள் அல்லர். தமிழும் வரலாறும் புவியியலும் கற்று, பின்னர் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களாகப் போகின்றவர்கள். அமெரிக்காவிலுள்ள சிறு கலைக்கல்லூரிகள் பலவற்றில், கவிதை படிக்க வந்தவனும் ஒரு பருவம் ஓடைக்குள் இறங்கி நிற்கக் காணலாம். அருகில் ஓடுகின்ற நீரே அங்கு ஆய்வுகூடம். அம்முறையை இங்குக் கைக்கொள்ள எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்களிடம் ஆய்வுகூடமே இல்லை. ஓடைகள் மாத்திரம் எண்ணிறந்தவை இருந்தன.

மலைநாட்டு ஓடையை ஒவ்வொருவர் ஒவ்வொரு கண்கொண்டு பார்த்தார்கள். பிரித்தானியத் தேசாதிபதியான சேர் வில்லியம் கிரகரி, 1873 ஆம் ஆண்டிலே நுவரெலியாவில் ஓர் ஓடையை மறித்து ஏரியாக்கினார். தூண்டிற் பிரியர்கள் 1880களிலே திறவுட் மீனின் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து குளிர்நீர் ஓடைகளில் விட்டார்கள். பொறியியலாளர் பார்த்தபொழுது அதே நீர் மின்சாரமாகத் தெரிந்தது. 1965 இல் காசல்ரீ, 1969 இல் மவுசாகலை, 2012 இல் தலவாக்கலையிலே மேல் கொத்மலை என்று அணைகள் எழுந்தன. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று. கடும் வரட்சிக் காலங்களிலே அதன் வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் தலைகாட்டுவதை இன்றும் மக்கள் கூட்டமாகச் சென்று பார்க்கின்றார்கள். லயத்திலே வாழும் பெண்ணோ ஓடையிற் கண்டது பீலியை. மலையகத்துக்கு வெளியேயுள்ள நேயர்களுக்காகச் சொல்கிறேன்: மேட்டிலிருந்து வரும் நீரை ஒரு தகரத்தாலோ மூங்கிலாலோ குழாயாலோ வாய் வைத்து விழச்செய்தால் அது பீலி. குளிப்பதும் துவைப்பதும் குடிநீர் பிடிப்பதும் அங்கேதான். ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான்.

ஆகவே முதற் பாடத்தைப் பீலிக்கரையிலிருந்தே தொடங்கினேன். வேண்டிய கருவிகள் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டும், நுளம்புவலைத் துண்டும், வெறுங்கைகளுமே. பீலிக்கு மேலேயுள்ள ஓடையிலே நீர் நுரைத்தோடும் இடத்திற் கிடக்கும் கல்லொன்றை மெல்லப் புரட்டினால், அதன் அடிப்புறத்தில் ஒரு சிற்றூரே குடியிருக்கும். தட்டையான உடலும், வயிற்றின் இருமருங்கும் இறகுபோன்ற செவுள்களும், பின்னால் மூன்று வால்களும் கொண்ட ஒரு குஞ்சு கல்லோடு ஒட்டி ஓடும். மாதக்கணக்கிலே நீருள் வளர்ந்து, சிறகு முளைத்து வெளியேறிய பின் ஓரிரு நாளிலே மடிகின்ற பூச்சியின் இளம்பருவம் அது. சிறகு பெற்ற பிறகு அதற்கு உண்பதற்கு வாயும் இராது. அதற்கு அருகே, மணற் பருக்கைகளைத் தன் எச்சிற் பட்டால் ஒட்டி வீடமைத்து உள்ளே பதுங்கியிருக்கும் புழுவொன்றைக் காணலாம்.

இவற்றுக்குத் தமிழ்ப்பெயர் என்னவென்று மாணவர்கள் கேட்டார்கள். என்னிடம் இருக்கவில்லை. வீடுகட்டும் புழுவின் இனத்தைப் பற்றி 1958 இல் ஷ்மிட் என்பவர் பிரெஞ்சு மொழியிலே ஒரு நூலளவு எழுதியிருக்கிறார். 1962 இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் வந்து எங்கள் ஓடைகளைத் துருவினார்கள். அவர்களுள் ஒருவரான பெர் பிரிங்க் என்பவரின் பெயரையே மலைநாட்டு நன்னீர் நண்டினம் ஒன்று இன்று பெர்பிரிங்கியா என்று சுமந்து திரிகின்றது. 1970 இல் ஒஸ்திரியாவின் ஸ்டார்மூல்னரும், வித்தியாலங்காரப் பல்கலைக்கழகத்தின் கொஸ்தாவும் கூட்டாக மலையோடைகளை ஆராய்ந்தார்கள். இவ்வளவும் நடந்தேறியது, கொழுந்து பறிக்கும் மக்கள் நாள்தோறும் தாண்டிச் செல்லுகின்ற ஓடைகளிலே. தமிழில் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. ஆதலின் மாணவர்களே பெயர் வைத்தார்கள். மூவாலன் என்றனர் ஒன்றை. கல்வீட்டுக்காரன் என்றனர் மற்றொன்றை. நகரத்துக் கழிவுநீர்க் கானிற் கண்ட சிவந்த புழுவுக்குச் செம்புழு என்ற பெயர் தானாகவே அமைந்தது. ஒட்சிசன் அருகிய சேற்றிலும் அது உயிர்வாழ்வது, நம் குருதியிலுள்ளதைப் போன்ற செந்நிறப் பொருளொன்று அதன் உடலிலும் இருப்பதனாலே.

மேலைநாட்டு நூலை அப்படியே நம்பியதனாலும் ஒரு சங்கடம் நேர்ந்தது. தூய நீரின் முதல் அடையாளமென்று அந்நூல்கள் போற்றும் கல்லிடுக்குப் பூச்சியொன்று உண்டு. இலங்கையில் அதன் இனங்கள் மிகச் சிலவே. நாள் முழுதும் தேடியும் அது கிடைக்காத மாணவர் குழுவொன்று, “எங்கள் ஓடைகள் எல்லாமே அழுக்கு, சேர்” என்று எழுதிக் கொடுத்தது! இல்லாத பூச்சியை வைத்து இருக்கின்ற ஓடைக்குத் தீர்ப்புக் கூறலாகாது என்று விளக்கி, மூவாலனையும் கல்வீட்டுக்காரனையும் எங்கள் அளவுகோலாக வைத்துக்கொண்டோம். நீர் குளிர்ந்திருந்தால் அதிலே ஒட்சிசன் மிகுதியாகக் கரையும். கடல்மட்டத்திலே 15 பாகை வெப்பமுள்ள நீர், லீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கவல்லது. நுவரெலியாவின் உயரத்திலே காற்றழுத்தம் குறைவாதலால் அது 8 ஆகக் குறையும். பாறையில் மோதி நுரைக்கும் நீர் அந்த எட்டையும் நிரம்பப் பெற்றிருக்கும். கழிவு சேர்ந்து அழுகினால் ஒட்சிசன் குன்றும், மூவாலன் மறையும், செம்புழு பெருகும். இதுவே என் பாடம். சரியான பாடந்தான். ஆயினும் அரைப்பாடம்.

ஒரு மாணவி விடுமுறைக்குத் தன் தோட்டத்துக்குப் போனாள். கற்றதைச் சொல்லும் ஆர்வத்தோடு, லயத்துப் பெண்களைப் பீலிக்கு மேலேயுள்ள ஓடைக்கு அழைத்துச் சென்று, கல்லைப் புரட்டி மூவாலனைக் காட்டி, “இது இருக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர்” என்று சொல்லியிருக்கிறாள். அவளுடைய அம்மாயி அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிப்பவள். விறகுக்குப் பட்ட பாடு மிச்சமென்று அன்றிலிருந்து அதை நிறுத்திவிட்டாள். அவளைப் பார்த்து மற்றைய வீட்டாரும் நிறுத்தினார்கள். அடுத்த மழைக்குப் பின் அந்த லயத்திலே வயிற்றோட்டம் கண்டது. குழந்தைகள் சிலரை வைத்தியசாலையிற் கிடத்த வேண்டியதாயிற்று. நல்லகாலம், எல்லோரும் பிழைத்தார்கள். ஓடைக்கு மேற்சரிவிலே வேறொரு லயத்தின் மலசலகூடக் குழிகள் இருந்தன என்பது பின்னர்தான் தெரியவந்தது.

கல்லூரி திறந்ததும் அவள் என்னிடம் வந்து அழவில்லை, குறைகூறவும் இல்லை. “சேர், மூவாலன் பொய் சொல்லுமா?” என்று மாத்திரம் கேட்டாள். என் வாழ்நாளிலே எந்தப் பரீட்சை மண்டபத்திலும் அவ்வளவு கடினமான வினாவை நான் எதிர்கொண்டதில்லை.

மூவாலன் பொய் சொல்லவில்லை. ஒட்சிசன் இருக்கிறதா என்ற வினாவுக்கே அது விடை கூறிற்று. மனிதனின் குடலிலிருந்து வந்த கிருமி இருக்கிறதா என்று அதை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குத் தெரியாது. சிறிதளவு மலம் கலந்தாலும் துள்ளியோடும் ஓடையில் ஒட்சிசன் குறையப்போவதில்லை. பூச்சி சுகமாகவே வாழும். குழந்தைதான் நோயிற் கிடக்கும். பூச்சிக்கு நல்ல நீர் வேறு, மனிதன் குடிப்பதற்கேற்ற நீர் வேறு என்பதை வகுப்பின் முதல் நாளிலே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

மறு ஆண்டு தட்டின் அருகே ஒரு போத்தலையும் வைத்தோம். 1982 இல் இந்தியாவிலே மாஞ்சா என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட எளிய சோதனை அது. கிருமி உண்ணத்தக்க சத்துக்களும் இரும்புச் சத்தும் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டைச் சுத்தமான போத்தலிலிட்டு, ஐயத்துக்குரிய நீரை நிரப்பி மூடிவைக்க வேண்டும். மலக்கலப்போடு வரும் கிருமிகள் பல, கந்தகம் சேர்ந்த ஒருவகை வாயுவை உண்டாக்கும். அது இரும்போடு கூடி நீரைக் கறுக்கச் செய்யும். வெப்பநாட்டிலே ஓரிரு நாளிற் புலப்படும் முடிவு, எங்கள் குளிரிலே நாட்கணக்கில் இழுபட்டது. மாணவியொருத்தி போத்தலைத் துணியிற் சுற்றி அடுப்பங்கரைப் பரணிலே வைத்தாள். மறுநாட் காலையிலே மைபோலக் கறுத்திருந்தது. மூவாலன் நிறைந்த அதே ஓடையின் நீர்!

அந்த ஆண்டிலிருந்து மாணவர்களின் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் உண்டு. கல் என்ன சொல்கிறது என்பது ஒன்று. போத்தல் என்ன சொல்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போகும் ஓடைகளும் உண்டு, முரண்படும் ஓடைகளும் உண்டு. முரண்படும் இடத்திலேதான் வகுப்பிற் பேச்சுச் சூடுபிடிக்கும். இலக்கிய மாணவர்கள் இதிலே விஞ்ஞான மாணவரை வென்றுவிடுவார்கள் என்பது என் அனுபவம். ஒரு சாட்சியின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஆராய்வது அவர்களுக்குப் பழகிய வேலை அல்லவா?

மூவாலன் பொய் சொல்லுமா என்று கேட்ட பெண் இன்று ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அவளுடைய பிள்ளைகளும் தட்டும் போத்தலும் ஏந்தி ஓடைக்குப் போகின்றார்கள். அவளுடைய லயத்தில் அம்மாயி மறுபடியும் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள். பீலியின் வாயை மேற்சரிவு லயத்துக்கும் அப்பாலே கொண்டுபோகக் குழாய் கேட்டு எழுதிய விண்ணப்பத்துக்கு இன்னும் விடை வரவில்லையாம்.

சென்ற மாதம் அவளிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. தேயிலை மலையிலே களைக்கு மருந்தடித்த மறுநாள் நல்ல மழையாம். கான்களெல்லாம் ஓடைக்குள் வடிந்தனவாம். பிள்ளைகள் போய்ப் பார்த்தபொழுது கல்லுக்கடியில் மூவாலன் ஒன்றுகூட இல்லை. வழக்கமாக இருக்கும் வேறெதுவும் இல்லை. போத்தலோ மூன்று நாளாகியும் கறுக்கவில்லை. “கல்லில் உயிர் இல்லை, போத்தலிற் கிருமி இல்லை. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், சேர். மூன்றாவது பத்திக்கு என்ன பெயர் வைப்பது?” என்று எழுதியிருந்தாள்.

குடிக்க வேண்டாம், கொதிக்க வைத்தும் குடிக்க வேண்டாம் என்று மறுதபாலிலேயே விடையெழுதினேன். பிள்ளைகளுக்குக் காரணஞ் சொல்ல, வருகின்ற விடுமுறைக்கு முன் அவளுடைய பாடசாலைக்கு ஒருமுறை போய்வர எண்ணியிருக்கின்றேன்.