ஸனது இல்லாத சரக்கை வாங்காதீர்கள்!

(உத்தமபாளையத்தில் மாணவர்களும் வணிகர்களும் கூடியிருந்த அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

பிள்ளைகளுக்கு வரலாற்றையும் கலையையும் குடிமையியலையும் இணையத்தின் வழியே கற்பிப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு ஒரு பேராசிரியரை அல்லவா அழைத்திருக்க வேண்டும், மதரஸாவில் ஓதிய இவருக்கு என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். எனக்கு ஒரே ஒரு தகுதி இருக்கிறது. இந்த விஷயத்தில் தவறு செய்து பிடிபட்டவன் நான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மிம்பரில் நான் செய்த பிழை

இந்தப் பள்ளத்தாக்கிலுள்ள ஓர் ஊரில் ஜும்ஆ பயானில் கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்களைப் பற்றிப் பேசினேன். "அரசியல் நிர்ணய சபையில் ஷரீஅத் சட்டத்தைக் காக்க அவர் தன்னந்தனியாக எழுந்து நின்றார். அவர் கொண்டு வந்த திருத்தத்தைச் சபை ஏற்றுக் கொண்டது. அதனால்தான் இன்றும் நமக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது" என்று உணர்ச்சி பொங்கச் சொன்னேன். தக்பீர் முழங்கியது. எனக்கும் மனம் நிறைந்தது.

இந்தச் செய்தி எனக்கு எங்கிருந்து கிடைத்தது? செல்போனில் வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியிலிருந்து! பச்சை நிறக் கரை போட்டு, தலைவரின் படத்தோடு வந்திருந்தது. அனுப்பியவர் நல்ல மனிதர். வேறென்ன வேண்டும் என்று நம்பி விட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு சகோதரர் தம் மகளை அழைத்துக் கொண்டு வந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை. ஒலிபெருக்கியில் என் பயானை வீட்டிலிருந்தே கேட்டிருக்கிறாள். கையில் நாலைந்து தாள்கள். "ஹஜ்ரத், நீங்க சொன்னதுல ரெண்டு தப்பு இருக்கு" என்றாள். அவளுடைய அத்தாவுக்கு முகம் சுருங்கி விட்டது. "மன்னிச்சுக்கங்க ஹஜ்ரத், சின்னப் பிள்ளை, தெரியாமப் பேசுது" என்றார். தாள்களை வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். தெரியாமல் பேசியது அந்தப் பிள்ளை அல்ல, நான்தான்!

1948 நவம்பர் 23. அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய 35 வது வரைவுப் பிரிவு விவாதத்துக்கு வருகிறது. எந்தச் சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் திருத்தம் கொண்டு வருகிறார். ஆனால் அவர் தனி ஆளாக நிற்கவில்லை. நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த போக்கர் சாஹிபும் மஹ்பூப் அலி பேக் சாஹிபும் பேசுகிறார்கள். வங்காளத்தின் நஸீருத்தீன் அஹ்மத், பீகாரின் ஹுஸைன் இமாம் ஆகியோரும் பேசுகிறார்கள். எதிர்த் தரப்பில் கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் வாதாடுகிறார்கள். இறுதியில் டாக்டர் அம்பேத்கர் பதில் சொல்கிறார். திருத்தங்கள் ஏற்கப்படவில்லை! அந்த 35 வது பிரிவுதான் இன்று அரசியல் சட்டத்தில் 44 வது பிரிவாக இருக்கிறது.

ஏற்கப்படாத ஒன்றை ஏற்கப்பட்டதாக இறைவனின் வீட்டில் நின்று நான் சொல்லி இருக்கிறேன். மறுவாரம் அதே மிம்பரில் நின்று திருத்திச் சொன்னேன். அன்று தக்பீர் எழவில்லை. தொழுகை முடிந்ததும் ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்து, "நம்ம தோத்ததை நாமளே சொல்லணுமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

சொல்லத்தான் வேண்டும் சகோதரர்களே! உத்தராகண்டில் 2024 இல் பொது சிவில் சட்டம் நிறைவேறி, 2025 ஜனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்து விட்டது. இந்த நேரத்தில் நம் பிள்ளை கல்லூரியில் எழுந்து நின்று, "எங்கள் தலைவரின் திருத்தத்தை அன்றே ஏற்றுக் கொண்டார்கள்" என்று பேசினால் என்ன ஆகும்? எதிரே இருப்பவர் விவாதப் பதிவை எடுத்து நீட்டுவார். பிள்ளை வெட்கித் தலைகுனிவான். அதன் பிறகு நாம் சொன்ன உண்மைகளையும் சேர்த்தே சந்தேகப்படுவான். ஒரு பொய் ஒன்பது உண்மைகளைச் சாய்த்து விடும்.

மண்டியில் உள்ள கவனம் வீட்டில் இல்லையே!

வணிகப் பெருமக்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். போடியில் ஏலக்காய் ஏலம் இன்று கணினியில் நடக்கிறது. திரையில் விலை ஓடுகிறது. ஆனால் சாம்பிள் பார்க்காமல் எவராவது விலை கேட்கிறீர்களா? காயைக் கையில் கொட்டிப் பருமனைப் பார்க்கிறீர்கள், நிறத்தைப் பார்க்கிறீர்கள், உரித்து அரிசியைப் பார்க்கிறீர்கள். எந்தத் தோட்டத்துக் காய் என்று கேட்கிறீர்கள். பணம் போகுமே என்ற அச்சம்!

அதே கையால், அதே செல்போனில், முந்நூறு ஆண்டு வரலாற்றைச் சாம்பிள் பார்க்காமல் வாங்கி ஐம்பது பேருக்கு அனுப்புகிறீர்கள். பணம் போனால் அடுத்த பருவத்தில் ஈட்டி விடலாம். பிள்ளைகளின் அறிவு கெட்டால் எந்தப் பருவத்தில் ஈட்டுவீர்கள்?

ஒரு பாவி செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்து விட்டு வருந்துவீர்கள் என்று திருக்குர்ஆனின் 49 வது அத்தியாயம் 6 வது வசனம் எச்சரிக்கிறது. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதும் என்ற நபிமொழியை இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார். ஹதீஸ் கலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே ஸனது, அதாவது அறிவிப்பாளர் தொடர். உனக்கு யார் சொன்னார்? அவருக்கு யார் சொன்னார்? அவர் நேரில் கேட்டவரா? இந்தக் கேள்விகளை ஓதிப் பட்டம் வாங்கிய நான், ஒரு வாட்ஸ்அப் செய்தியிடம் கேட்க மறந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள்.

அசல் எங்கே இருக்கிறது?

முன்பெல்லாம் அசலைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கோ டெல்லிக்கோ போக வேண்டும். நூலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். இன்று அந்தச் சாக்குப் போக்குக்கு இடமில்லை.

அரசியல் நிர்ணய சபையின் விவாதங்கள் நாள்வாரியாக, பேசியவர் பெயரோடு இணையத்தில் இருக்கின்றன. நாடாளுமன்றத்தின் மின்னணு நூலகத்திலும் உண்டு. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பது உண்மை. அதற்கும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் தமிழ் மொழியாக்கத்தை மத்திய சட்ட அமைச்சகத்தின் தளத்திலேயே பெறலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் கிடைக்கின்றன. 2023 முதல் பல தீர்ப்புகளைத் தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடுகிறார்கள்.

தமிழக அரசு 2001 இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம்தான் இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் குவிந்து கிடக்கின்றன. 1998 பொங்கல் நாளில் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் காசில்லாமல் படிக்கலாம். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் சதுரக் கட்டங்கள் அச்சாகி இருக்குமே, அவை அலங்காரத்துக்கு அல்ல. செல்போனைக் காட்டினால் பாட விளக்கப் படங்கள் திறக்கும். திறந்து பார்த்த பெற்றோர் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், மனதுக்குள் எண்ணிக் கொள்ளுங்கள்.

இணையத்தில் உள்ளதெல்லாம் அசல் என்று நான் சொல்லவில்லை. இன்று இறந்து போன தலைவரையும் பேச வைக்கிறார்கள். குரலையும் முகத்தையும் செயற்கை நுண்ணறிவு செய்து தருகிறது. எனவே பிள்ளைக்கு மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். யார் சொன்னது? எப்போது சொன்னது? மூலம் எங்கே? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்தச் சரக்கு வேண்டாம்.

நம் பள்ளத்தாக்கே பாடப் புத்தகம்

வரலாறு என்றால் டெல்லி, ஆக்ரா என்று பிள்ளை நினைக்கிறான். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழகத்தின் மிகப் பழைய நடுகற்களில் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று மாடு பிடிச் சண்டையில் இறந்த ஒருவனுடைய கல். கூடலூர் என்ற ஊர்ப் பெயரும் அதில் இருக்கிறது. நம் கம்பத்தை அடுத்த கூடலூரா, வேறு கூடலூரா? பிள்ளை படத்தைப் பார்த்து, ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்துக் கேட்கட்டும். சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் இல்லாமல் பாண்டிய வரலாற்றை எழுத முடியாது. அவற்றின் வாசகம் அச்சேறி, அந்தத் தொகுதி இணையத்திலும் கிடைக்கிறது.

கலைக்கு எங்கே போவது? இதே உத்தமபாளையத்தில் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கின்றன. அருகில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். "அது நமக்கு எதற்கு ஹஜ்ரத்?" என்று ஒரு தம்பி கேட்டார். வணங்குவதற்கு அல்ல தம்பி, அறிவதற்கு! நமக்கு முன்னால் இந்த மண்ணில் யார் வாழ்ந்தார்கள் என்று அறிந்தவன்தான் அண்டை வீட்டாரை மதிப்பான். அதே பிள்ளைக்குக் கீழக்கரையின் பழைய பள்ளிவாசல் படத்தையும் காட்டுங்கள். உருவங்கள் இல்லை, ஆனால் கல்தூண்களும் பூ வேலையும் முழுக்கத் தமிழ்நாட்டுச் சிற்பிகளின் பாணி. நாம் இந்த மண்ணுக்கு அந்நியர் என்று எவராவது சொன்னால் பிள்ளை கோபப்பட வேண்டியதில்லை. படத்தைக் காட்டினால் போதும்.

குடிமையியலுக்கு முல்லைப் பெரியாறை விடவா பெரிய பாடம் வேண்டும்? 1886 இல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1895 இல் அணை திறப்பு. 1979 இல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே கேரளம் சட்டம் இயற்றித் தடுத்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று 2014 மே 7 இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு மாநிலச் சட்டமன்றம் நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டம் போட்டு மாற்ற முடியுமா? இது எங்கோ நடந்த வழக்கு அல்ல, நம் வயல் தண்ணீரின் வழக்கு!

2011 டிசம்பரை இங்குள்ள வியாபாரிகள் மறந்திருக்க மாட்டீர்கள். குமுளிப் பாதை அடைபட்டது. இரு பக்கமும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. தோட்ட வேலைக்குப் போன நம் பெண்கள் அஞ்சி ஓடி வந்தார்கள். பிரச்சினை உண்மையானதுதான். ஆனால் அதை நெருப்பாக்கியதில் வதந்திக்கும் பங்கு உண்டு. அன்று இத்தனை செல்போன் இல்லை. இன்று அதே நிலை வந்தால்? தீர்ப்பைப் படித்த பத்து இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருந்தால் எத்தனை கடைகள் தப்பும் என்று எண்ணிப் பாருங்கள்.

எதிர்த் தரப்பையும் படியுங்கள்

ஒரு எச்சரிக்கை. மூலத்தைப் படிப்பது நமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக் கொள்வதற்கு அல்ல. அந்த நவம்பர் 23 விவாதத்தில் அம்பேத்கர் ஒரு கேள்வி எழுப்பினார். வடக்கு மலபார் முஸ்லிம்கள் மருமக்கத்தாயத்தை அல்லவா பின்பற்றி வந்தார்கள் என்றார். அதற்கு நம்மிடம் என்ன பதில்? கூடவே, விரும்பி முன்வருவோருக்கு மட்டும் பொருந்தும்படி எதிர்கால நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் தொடங்கலாம் என்றும் சொன்னார். முதலாவது நமக்குச் சங்கடம், இரண்டாவது நமக்கு ஆதாரம். இரண்டும் ஒரே உரையில் இருக்கின்றன. ஒன்றை மறைத்து மற்றதைக் காட்டினால் நாமும் அந்தப் பச்சைக் கரைச் செய்தியைத்தான் தயாரிக்கிறோம்.

இனி என்ன செய்வது?

கட்டடம் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். ஒவ்வொரு மஹல்லாவிலும் மதரஸா கூடம் ஞாயிற்றுக் கிழமை மாலையில் சும்மாதான் கிடக்கிறது. ஒரு கணினி, ஒரு இணைய இணைப்பு, ஒரு அச்சுப்பொறி. இதை நாலு கடைக்காரர்கள் சேர்ந்தால் தர முடியாதா?

ஆங்கிலத்துக்கு வழி சொல்கிறேன் என்றேனே. இதே ஊரில் 1956 முதல் கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி நடக்கிறது. சிறுபான்மையினர் தமக்கென்று கல்வி நிலையம் நிறுவலாம் என்று அரசியல் சட்டத்தின் 30 வது பிரிவு சொல்கிறதே, அதன் பொருளைப் புத்தகத்தில் தேட வேண்டாம், கண்ணெதிரே நிற்கிறது. கல்லூரியில் படிக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் வாரம் ஒரே ஒரு பக்கத்தைத் தமிழாக்கிப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். ஒரு பக்கம்தான். ஆண்டுக்கு ஐம்பது பக்கம் ஆகி விடும்.

ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்து விடாதீர்கள். என்னைத் திருத்தியது யார் என்பதை நினைவில் வையுங்கள். நம் சமுதாயத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றும் வைக்க வேண்டாம். பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வரட்டும். 1948 விவாதமும் நடுகல்லும் அணையும் எல்லோருக்கும் பொதுச் சொத்து.

அந்தப் பிள்ளை கிளம்பும்போது அவளுடைய அத்தா மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். "மன்னிப்பு வேண்டாம் பாய், அந்தத் தாள்களை மட்டும் எனக்குக் கொடுங்கள்" என்றேன். இன்றும் என் பையில் இருக்கின்றன. ஜும்ஆவுக்குப் போகுமுன் அன்றைய பயானில் சொல்லப் போகும் ஒவ்வொரு ஆண்டையும் பெயரையும் எடுத்து வைத்துக் கொண்டு, யார் சொன்னது, எப்போது, மூலம் எங்கே என்று கேட்கிறேன். பதில் கிடைக்காததை மிம்பருக்கு எடுத்துச் செல்வதில்லை. பயான் கொஞ்சம் சுருங்கி விட்டது என்கிறார்கள். சுருங்கட்டும்.

விசாரித்துப் பேசும் சமுதாயமாக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல இறைவன் ஆக்குவானாக!